கழன்ற பெடல்

"பூங்காவனம், பெடல் கட்டை லொடலொடங்குதும்மா. அந்த நட்டைக் கொஞ்சம் முடுக்கிக் குடு. இன்னிக்கு மெர்டேக்கா, சுதந்திர நாள் ஊர்வலம்."

கோமாளி வேஷத்தில் நின்ற அப்பா பிச்சை, ஒற்றைச் சக்கர சைக்கிளை நீட்டினார். சிங்கப்பூரில் பி.ஏ. முடித்து, டீச்சராகி, பெரிய மனிதர்களோடு மேடையில் உட்காரப்போகிற மகளின் முன்னால் அப்பன் குரங்கு வித்தை காட்டுவதா? இவர்தான் தன் அப்பா என்று அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

"வேணாம்னா கேக்கிறீங்களாப்பா?"

"காஜா பெராங் ஊரே என்னைப் பாக்கத்தான் வருது, புள்ள!"

ஸ்பானரை வாங்கி எதிர்ப்பக்கம் திருகினாள். வாசலைத் தாண்டுவதற்குள் கழன்றுவிடும், மனுஷன் வீட்டிலேயே கிடப்பார் என்று கணக்குப் போட்டாள்.

கழன்றதோ மேடைக்கு நேர் எதிரே. அப்பா குப்புற விழுந்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"யாரு இந்தப் பைத்தியம்?" என்றார் பக்கத்திலிருந்த தலைமையாசிரியை.

பூங்காவனத்தின் கண்ணில் அப்பாவின் மூக்கில் வழிந்த ரத்தம்தான் பட்டது. மேடையிலிருந்து குதித்து ஓடினாள்.

"அப்பா! அடி பலமா?"

ரத்தத்தைத் துடைத்தபடி அவர் மேடையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"யாரும்மா நீங்க? ஆளு மாறி வந்துட்டீங்க. போய் உக்காருங்க, டீச்சர்."