பாக்கிக்கு வந்த கார்

எழுபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் பாக்கி வைத்திருந்த விஜயகுமார், காரைச் சுற்றி ஓடி வந்து சுருளியாண்டியின் மனைவி பஞ்சம்மாளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். மலைத்தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் காண்ட்ராக்டர் அவர். கூலிக்காரி ஒருத்தி இறங்குவதற்காக அவர் கதவைப் பிடித்து நின்றதைப் பார்த்ததுமே, இனிப் பணம் வராது என்பது சுருளியாண்டிக்கு உறுதியாகிவிட்டது.

ஏலக்காய்த் தோட்டத்தில் குழி வெட்டிய கூலி அது. அந்தப் பணம் வந்தால்தான் அடகுக்குப் போன வீட்டுப் பத்திரம் திரும்பும். நாளைக்கு, அடுத்த சந்தைக்கு என்று இழுத்தடித்த மனுசன், இப்போது பணத்துக்குப் பதிலாக இந்தப் பழைய இத்தாலிக் காரை எடுத்துக்கொள் என்கிறார். பல மாதமாகத் திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த கார்.

அதை ஏறிட்டுப் பார்க்கவே சுருளியாண்டிக்குப் பிடிக்கவில்லை. வேண்டவே வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னான். பஞ்சம்மாள்தான், “ஒருதரம் உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்று செருப்பை மாட்டினாள்.

அவனால் தடுக்க முடியவில்லை. விஜயகுமாரிடம் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்த மகள் சிம்ரன், போன மாசியில் கம்பம்மெட்டு மலைப்பாதையில் செத்துப்போனாள். அவளாகத் தேடிக்கொண்ட சாவு என்று அனுமந்தன்பட்டியே பேசியது. அந்தப் பேச்சுக்குப் பயந்து தெருக்குழாய்க்குக்கூடப் போகாமல் கிடந்த பஞ்சம்மாள், இன்றைக்குத்தான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

துணைக்குக் கூட்டிவந்த மெக்கானிக் அம்மாவாசி பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்தான். “தள்ளுனாத்தான் ஸ்டார்ட் ஆகுது. ரிவர்ஸ் விழுகல. பின்சீட்டக் கழத்தி மூட்டை ஏத்தியிருக்காக, பின்கதவு ரெண்டும் வெல்டிங் வச்சு அடைச்சுக் கெடக்கு. எடைக்குப் போட்டாக்கூட இருவதாயிரம் தேறாதுண்ணே.”

“ஏலே அம்மாவாசி, நீ பொண்ணு பாக்க வந்தியா, பொணம் அறுக்க வந்தியா?” விஜயகுமார் சிரித்தார். “இத்தாலிக்காரன் அடிச்ச இரும்புலே இது. மலையில ஆட்டுக்குட்டி கணக்கா ஏறும்.”

“ஏறும் மொதலாளி. எறங்குறப்பத்தான் சாமியக் கும்பிடணும்.”

பஞ்சம்மாள் சிரிக்கவில்லை. “ஏன் மொதலாளி, எனக்குப் போயி நீங்க வந்து கதவத் தொறந்து விடுறீக?”

“மரியாதைனு நெனச்சியாக்கா?” அம்மாவாசி முந்திக்கொண்டான். “அந்தக் கதவு உள்ள இருந்து தொறக்காது. வெளிய நின்னு யாராச்சும் இழுத்தாத்தான் உண்டு. கண்ணாடியும் நாலு வெரக்கடைக்கு மேல எறங்கல.”

பேரம் கலைந்துவிடுமோ என்று விஜயகுமாரின் முகம் கடுத்தது. “இதெல்லாம் ஒரு கொறையாலே? அந்தக் கைப்பிடிச் சாமான் மதுரை, கோயம்புத்தூர் எங்கயும் கெடைக்கல, விட்டாச்சு. நாலு வருசமா இப்படித்தான் ஓட்டுறேன். பக்கத்துல உக்காந்தவுகளுக்கு நாந்தான் எறங்கி வந்து தொறந்து விடுறது. இதனால என்ன கெட்டுப்போச்சு?”

பஞ்சம்மாள் மறுபடியும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். உள்கைப்பிடியை இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். பிறகு தோளைக் கொடுத்து முட்டினாள், முட்டிக்கொண்டே இருந்தாள். கதவு அசையவில்லை. சுருளியாண்டிதான் பதறிப்போய் வெளியிலிருந்து திறந்துவிட்டான்.

இறங்கியவளுக்கு மூச்சு வாங்கியது. “எடுத்துக்கிருவோம்” என்றாள்.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? வீட்டுப் பத்திரம் போயிரும்டி!”

“போனாப் போகட்டும்யா. எழுதி வாங்கு.”

“ஆத்தாவுக்கு இருக்குற வெவரம் ஒனக்கு இல்லையேப்பா சுருளி” என்ற விஜயகுமார், அவள் மனம் மாறுவதற்குள் பானெட்டின் மேலேயே தாளை விரித்தார். பாக்கி முழுவதும் காருக்கு நேர், இனிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று எழுதினார். அம்மாவாசி சாட்சி போட்டான்.

சுருளியாண்டி எழுத்துக்கூட்டி வாசித்தான். ஒரு வருடத்து வேர்வை மூன்று வரியில் முடிந்துபோயிருந்தது. மனைவியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டான்.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கி மடியில் செருகிய பஞ்சம்மாள், கார்ச் சாவியை முந்தானையில் இறுக்கி முடிந்தாள். “தம்பி அம்மாவாசி, நாலு வருசமா இந்தக் கதவு இப்படித்தான்னு மொதலாளி சொன்னது ஓங்காதுல விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சுக்கா. ஏன்?”

அவள் விஜயகுமாரின் பக்கம் திரும்பினாள். “கடன் தீந்துச்சு மொதலாளி. ஓடிக்கிட்டிருந்த இந்தக் கார்ல இருந்து எம்மக தானாவே கதவத் தொறந்து குதிச்சுட்டானு ஸ்டேசன்ல சொன்னீகளே...”

சிரித்தபடி பேனாவை மூடிக்கொண்டிருந்த விஜயகுமாரின் கை அப்படியே நின்றது.

“எப்படித் தொறந்தா?”