சாவி என் சட்டைப்பையில் இருந்தது

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. டீசல் குழாயைக் கழற்றித் தரையில் போட்டிருந்தேன். அப்படியும் என் ஜீப் பதினோரு நிமிடம் ஓடியது.

நம்ப வேண்டாம். தொம்மலூரில் ஒருவரும் நம்பவில்லை.

ஓடியது என்றால் நகர்ந்து ஓடவில்லை. கோவிந்தப்பா வீட்டு வாசலில் நின்றபடியே, எமனுடைய எருமைக்கு வெறி பிடித்ததுபோல் உறுமியது. எங்கள் தெருக் காக்கைகள் எல்லாம் இந்திரா நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

அந்த ஜீப்பை நான் வாங்கியதே கோவிந்தப்பாவுக்காகத்தான்.

முப்பத்திரண்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். நான் லேத்தில் கடைவேன். அவன் இன்ஸ்பெக்ஷனில் உட்கார்ந்து, நான் கடைந்ததை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவான்.

என் பேச்சையும் அப்படித்தான் அனுப்புவான். என்னோடு தமிழில்தான் பேசுவான். பொய் என்று சொல்ல மட்டும் அவனுக்கு அவன் கன்னடம் வேண்டும். சுள்ளு.

ரிடையர் ஆனதும் ஜீப் வாங்குவேன், உன்னைக் குடகு மலை உச்சியில் கொண்டுபோய் இறக்குவேன் என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவன் சுள்ளு சொல்லாத நாளும் இல்லை.

போன தீபாவளிக்கு மறுநாள் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

ஆறு மாதத்தில் திரும்பாத பேச்சு அதற்கப்புறம் திரும்புவது கடினம் என்றார் டாக்டர்.

ஏழாவது மாதம் நான் சந்தாபுராவுக்குப் போய், யாரோ ஓட்டித் தேய்த்த ஜீப்பை வாங்கி வந்து அவன் வாசலில் நிறுத்தினேன். ஏதாவது ஒரு சொல் வராதா என்று.

சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்தான். வரவில்லை.

சரி, இவன் கண்முன்னாலேயே ரிப்பேர் பார்ப்போம், எதற்காவது வாய் திறப்பான் என்று ஆரம்பித்தேன்.

சீட்டுக்கு அடியில் ஓர் எலிக்குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது. பேத்திக்குக் கல்யாணம்கூட ஆகியிருந்தது. ரேடியேட்டர் எங்கள் தெருக்குழாயைவிட ஒழுங்காகத் தண்ணீர் விட்டது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

இதையெல்லாம் தினமும் அவனிடம் சொன்னேன். மூன்று வாரம். ஒரு முனகல்கூட இல்லை.

நீங்கள் பேசுவது அவர் காதில் விழுகிறதா என்பதே சந்தேகம் என்று அவன் மனைவி எல்லம்மா ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னாள். அன்று மட்டும் வீட்டுக்குப் போய் யாரிடமும் எதையும் அளக்காமல் படுத்தேன்.

நேற்று காலை, மெக்கானிக் ஹெர்பர்ட் பிரேக் சாமான் வாங்க நீலசந்திராவுக்குப் போயிருந்தான். சும்மா இருப்பானேன் என்று ஏர் ஃபில்டரைத் திறந்தேன்.

பழைய ஜீப்பில் அது ஒரு எண்ணெய்க் கிண்ணம். உள்ளே ஒரு கோடு இருக்கும். அதுவரைதான் ஆயில் ஊற்றலாம்.

வாய் மட்டுமா, எனக்குக் கையும் தாராளம். விளிம்புவரை ஊற்றினேன்.

ஸ்டார்ட் செய்தேன். முதலில் சங்கீதமாகத்தான் இருந்தது. பிறகு சத்தம் தானாகவே ஏறத் தொடங்கியது.

சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டேன். நிற்கவில்லை. என்ஜினை அணைக்கும் குமிழை இழுத்தேன். குமிழ் கையோடு வந்தது. டீசல் குழாயைக் கழற்றினேன். அதற்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

புகையில் வீடு, தெரு, கர்நாடகம் எல்லாம் மறைந்தன.

கடைசியில் கோவிந்தப்பா மடியில் கிடந்த கம்பளியை உருவி, என்ஜின் காற்றிழுக்கும் வாயில் திணித்தேன். விக்கிற்று, குலுங்கிற்று, டக்கென்று நின்றது.

புகை விலகியபோது எல்லம்மா பின்பக்கத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். ஹெர்பர்ட்டும் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். சாவி, டீசல், பதினோரு நிமிடம், எல்லாவற்றையும் சொன்னேன்.

வண்டியை அணைக்க மறந்துவிட்டுக் கதை விடுகிறீர்கள் அண்ணா என்றாள் எல்லம்மா.

ஹெர்பர்ட் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தான். வற்றியிருந்தது. என்ஜின் ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை.

“ஊத்தின ஆயிலையே குடிச்சு ஓடும்னு சொல்வாங்க அங்கிள், நான் பார்த்ததில்ல. எப்படியோ, என்ஜின் செத்துப்போச்சு. இனி எடைக்குத்தான் போடணும்.”

குடகு அங்கேயே முடிந்தது. அதுகூடப் பரவாயில்லை. விடிந்தால் இந்த வாசலில் எதை நிறுத்தி வைத்துக்கொண்டு இவனிடம் பொய் சொல்வேன்?

கம்பளி இல்லாத மடியோடு உட்கார்ந்திருந்தான் கோவிந்தப்பா. பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

நீயே சொல்லுடா, பதினோரு நிமிஷம் ஓடிச்சா இல்லையா என்று கேட்டேன். ஓங்கித்தான் கேட்டேன். அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று எல்லம்மா குறுக்கே வந்தாள்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை மெல்லத் திருப்பி, வாட்சைப் பார்த்தான். நான் கடைந்த பீஸைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் பார்ப்பானே, அந்தப் பார்வை.

உதடு ஒருபக்கமாக இழுத்தது. எச்சில் வழிந்தது. துடைக்கப் போன எல்லம்மாவின் கை பாதியில் நின்றது.

“சு... சுள்ளு. ரெண்டு நிமிஷம்தான் ஓடுச்சு.”