காயாத மலை

எழுபத்தொன்பது, ஆவணி மாதம். செங்கம் ரோட்டிலிருந்து போலீஸ் ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் வேங்கிக்கால் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இங்கிரிட்டம்மா, போலீசு!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

மாடி அறையில் குடியிருந்த டென்மார்க்குக்காரி அவள். விசா முடிந்து பதினோரு நாள். நீட்டிக்கும் காகிதம் மதராஸிலிருந்து இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தால் அவளை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வீடு கொடுத்த என்னை எதில் ஏற்றுவார்களோ! தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ரிடையரான பிறகு ஜெயில் களி.

எட்டு மாதமாக அண்ணாமலையை மட்டுமே வரைந்துகொண்டிருந்தாள். கடைச் சாயத்தைத் தொடமாட்டாள். செம்மண், ஆவாரம்பூ, அடுப்புக்கரி. அன்றன்று கண்ணுக்குத் தெரிவதைத்தான் வரைவாள். ஒரு மேகம் சேர்த்துப் போடேன் என்றால், "இன்னைக்கு மேகம் வரலயே சார்" என்பாள். ஐப்பசி மழையில் மலை நனைவதை வரையாமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி இறங்கினார். அவர் மீசையில் இரண்டு எலுமிச்சம்பழம் நிற்கும். அன்று நான்கு நிற்கும்போல் இருந்தது.

மோர் சாப்பிடுங்கள், மூட்டுவலி தேவலையா என்று வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். ஐந்து நிமிடம்தான் தாங்கியது.

"மோர் கெடக்கட்டும் பெரியவரே. வெள்ளக்காரம்மா பாஸ்போர்ட்ட காட்டச் சொல்லுங்க."

மாடி ஏறினோம்.

இங்கிரிட் அறைக்கு வெளியே நின்றிருந்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால். உதடு வெளுத்திருந்தது. அறைத் தரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மலை வரைந்த துணி. பாஸ்போர்ட் இருந்த பெட்டி அதற்கு அந்தப் பக்கம்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

வாசற்படியை ஒட்டி மலை உச்சி. உச்சியில் தீபம். மலையில் பாதி உயரத்துக்கு!

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாமலையாரே, மிதிக்க இருந்தேனே! இத சுருட்டி வெக்கக் கூடாதாம்மா?"

"ஈரம் சார்," என்றாள். "மூணு நாள் காயணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

"சரி, வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குக் கொண்டாங்க. ஒரு நாள் ஜாஸ்தி ஆவக் கூடாது."

புதன்கிழமை தபாலில் காகிதம் வந்துவிட்டது, அதை விடுங்கள்.

ஜீப் போனதும் நான் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தேன். பாறை காய்ந்திருந்தது. வானம் காய்ந்திருந்தது. சுடர் மட்டும் விரலில் சிவப்பாக ஒட்டியது.

அவள் இந்த ஊருக்கு வந்ததே தை மாதம். கார்த்திகை தீபத்தைக் கண்ணால் கண்டதில்லை.

பாதி மலை உயரத்துக்கு எரியும் என்று அவளிடம் அளந்துவிட்டிருந்தவன் நான்தான்.