பச்சைப் புள்ளி

புருஷனின் போனை ஒருத்தி தனியாகக் கொண்டுவந்து நீட்டினால், செல்போன் கடைக்காரனுக்குக் கேட்கவா வேண்டும்? வாயெல்லாம் பல்.

"அண்ணன் வரலையாக்கா?"

"அவரால வர முடியாது தம்பி. அவர் ஆன்லைன்ல இருக்கார்னு என் போன்ல நாள் முழுக்கப் பச்சைப் புள்ளி எரியுது. என்னன்னு பாரு."

'ஆஹா, வேவு பார்க்க வந்திருக்கு' என்று நினைத்தபடி கணக்கைத் திறந்தவன் முகம் மாறியது.

"அக்கா, எவனோ திருடன் உள்ள பூந்துட்டான். அண்ணன் பேர்ல எல்லாருக்கும் கண்டதையும் அனுப்புறான். பாஸ்வேர்டை மாத்தினா ஓடிடுவான்."

"அப்புறம் புள்ளி எரியுமா?"

"அண்ணன் உள்ள வந்தா எரியும்."

போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"மாத்தாத தம்பி. அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாசமாச்சு. திருடனாவது அதை அணையாம வச்சிருக்கட்டும்."