ஐந்தாவது தட்டு

"நாலு முட்டைதான் வேகவெச்சிருக்கேன். அஞ்சு பேர் உட்கார்ந்தா நான் என்ன பண்றது?"

அந்த வீட்டின் மூத்த மகள் பெரியவள் இதைச் சத்தமாகவே கேட்டாள். நர்ஸ் அத்தையின் காதில் விழட்டும் என்றுதான்.

விழுந்தது. நர்ஸ் அத்தை நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மா தன் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்கக்கா. எனக்கு இன்னைக்கு என்னவோ பிடிக்கல."

"பிடிக்கலையா? அப்ப சரி." நர்ஸ் அத்தை முட்டைக்கு உப்புத் தூவினாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் அத்தை பக்கத்து வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பாவின் இதய ஆபரேஷனுக்குக் குறைந்த நாற்பத்தெட்டாயிரத்தைக் கொடுத்தது அவள்தான். வட்டி கேட்கவில்லை. அது உண்மை. அதற்காக வாரம் ரெண்டு நாள் இங்கே வந்து கொட்டிக்கொள்ள வேண்டுமா?

இனிமேல் கனமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா இன்னமும் கிடங்கில் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருந்தார். கூலி அதில்தான் அதிகம். கடன் அடைந்த மறுநாளே அந்த வேலையை விட்டுவிடுவதாகப் பேச்சு.

அதனால்தான் பெரியவள் படிப்பை நிறுத்திவிட்டு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போனாள். வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கும் அவள் கையில்தான். திங்கள் பருப்பு, செவ்வாய் கோஸ், புதன் முட்டை என்று வாரம் முழுக்க எழுதி சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தாள். கடை மூடும் நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளுகிற ரொட்டி, நசுங்கிய டின், கறுத்த வாழைப்பழம் எல்லாம் நேராக இந்த வீட்டுக்குத்தான் வரும். தம்பி அவளுக்கு வைத்த பெயர் நிதியமைச்சர். இப்படி இழுத்துப் பிடித்துத்தான் மாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்ட முடிந்தது.

முட்டை புதனும் ஞாயிறும் மட்டும்தான். நர்ஸ் அத்தை வருவதும் புதனும் ஞாயிறும்தான்.

"அந்தப் பட்டியலை வாசல்லயே ஒட்டிடலாம்மா. அத்தைக்கு வசதியா இருக்கும்."

"வாயை மூடு," என்றார் அப்பா.

"எதுக்குப்பா மூடணும்? கடனையும் கட்டி, சாப்பாடும் போடணுமா? அம்மா முட்டை சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி, பங்கு கேட்டுவிடப் போகிறார்கள் என்று, தன் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

நர்ஸ் அத்தை தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். போய்விட்டாள்.

ஞாயிறு வரவில்லை. அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அப்பா பெரியவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அது வலித்தது. ஆனால் அம்மா முட்டை சாப்பிட்டாள். அப்புறம் என்ன, செய்தது சரிதான்.

அதற்கடுத்த புதன்கிழமை அந்த மாதத் தவணை நாள். எப்போதும் அப்பாதான் கொண்டுபோய்க் கொடுப்பார். "இந்தத் தடவை உன்னையே கொடுக்கச் சொல்றாரு," என்று அம்மா பணத்தை நீட்டினாள்.

நர்ஸ் அத்தை அதை எண்ணாமலே டப்பாவில் போட்டாள்.

"இதோட இருபத்தோராயிரம் ஆச்சு. இன்னும் இருபத்தேழாயிரம் பாக்கி." பெரியவள் கறாராகச் சொன்னாள்.

"பதினோராயிரத்து நானூறு."

"இல்ல அத்தை. நான் நாள் பூரா பில் போடறவ. இருபத்தேழாயிரம்தான்."

"அப்ப இதையும் போடு. உங்க வீட்டுல ஒரு வருஷம் சாப்பிட்டிருக்கேன். வாரம் ரெண்டு வேளைன்னா எத்தனை?"

"நூத்தி நாலு."

"ஓட்டல்ல முட்டையோட சாப்பாடு நூத்தம்பது. முட்டை இல்லேன்னா நூறுதான். அதான் முட்டை நாளாப் பார்த்து வந்தேன்."

பெரியவள் மனசுக்குள் பெருக்கினாள். பதினைந்தாயிரத்து அறுநூறு. இருபத்தேழாயிரத்தில் கழித்தாள். அத்தை சொன்ன அதே தொகைதான் வந்தது.

"பேசாம தள்ளுபடின்னு சொல்லியிருக்கலாமே அத்தை?"

"சொல்லாமலா? ஒரு மாசத் தவணையைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். பிச்சை போடறீங்களாக்கான்னு சண்டைக்கு வந்துட்டான் உங்கப்பன். காசைக் கதவுக்கு அடியில சொருகிட்டுப் போயிட்டான். இந்த ஆளுக்கு என்னடா வழின்னு யோசிச்சேன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா சாப்பிடுங்கன்னு சொல்லாம விடமாட்டான்ல? உட்கார்ந்துட்டேன். கடைசித் தவணை அன்னைக்குக் கணக்கை நீட்டுவேன். சாப்பிட்டதுக்குக் காசு கொடுக்காம இருக்க எனக்கு மட்டும் ரோஷம் இல்லையாடான்னு கேட்பேன். அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விட்டே, தோலை உரிச்சிடுவேன்."

நர்ஸ் அத்தை டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

"உன் வாயால மூணு வேளை போச்சுடி. நானூத்தம்பது. அதுக்கு உங்கப்பன் எத்தனை மூட்டை தூக்கணும்?"

பெரியவள் புறங்கையால் மூக்கையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்டெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. வாயில் வந்தது இதுதான்:

"கிளம்புங்க அத்தை. எல்லாரும் தட்டு முன்னாடி உட்கார்ந்தாச்சு."

"இப்பத்தான்டி வயிறு நிறையச் சாப்பிட்டு முடிச்சேன்," என்றாள் நர்ஸ் அத்தை, செருப்பைத் தேடிக்கொண்டே.