எட்டு வரி

மூன்றாவது முறையும் அவள் அனுப்பிய பேட்ச், அந்தச் சின்ன நிரல் திருத்தம், திரும்பி வந்தது.

இந்த முறை கதிரேசன் அதைக் கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டான். மருத்துவமனைக் கருவிகளை இயக்கும் மென்பொருளின் மையமான கெர்னலில் இந்தப் பகுதி அவன் பொறுப்பு. அவன் தலையசைக்காமல் ஒரு வரியும் உள்ளே போகாது.

எட்டு வரிதான். சென்சார் இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் அதைத் தொடும் சின்ன ஃபங்ஷன். அதே சோதனையைப் பதின்மூன்று இடங்களில் ஆளாளுக்குத் தனித்தனியே எழுதி வைத்திருந்தார்கள். அவள் ஒரே இடத்தில் சேர்த்திருந்தாள்.

"எட்டு வரிக்குப் பேர் வெச்சு, தொட்டில் வேற போடணுமா மேடம்?"

கதிரேசன் கேட்டதும் மற்றவர்கள் சிரித்தார்கள்.

படிக்கத் தெரிந்தவன் அந்தச் சோதனையை மறக்க மாட்டான் என்றான். பிள்ளை வளர்க்க ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் கெர்னலும் சமையலறை மாதிரித்தான் தெரியும், எதையாவது அடுக்கிக்கொண்டே இருக்கத் தோன்றும் என்றும் சொன்னான்.

யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. அதற்குள் அவள் எழுதிய ஒரு மாற்றமாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

இன்று வியாழன்.

இருக்கைக்குத் திரும்பி, சென்சாரைத் தொடும் எல்லா வரிகளையும் மறுபடி தேடிப் படித்தாள்.

பதினான்காவதாக ஓர் இடம் இருந்தது. அங்கே சோதனையே இல்லை.

சென்சார் கழன்ற நொடியில் அந்த வரி ஓடினால் கருவி முழுதும் உறைந்துபோகும். கட்டிலின் தலைமாட்டில், நோயாளி ஒருவருக்குப் பக்கத்தில்.

எழுதியவர் பெயரைப் பார்த்தாள். கதிரேசன். நான்கு வருடம் முன்பு.

விரல்கள் தாமாக ஓடின. பழுதைச் சரிசெய்யும் பேட்சில், அந்தப் பழுது யாருடைய எந்த மாற்றத்தில் வந்தது என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். சேர்த்தாள். படிக்கத் தெரிந்தவன் என்ற அவன் சொல்லையும் மேலே வைத்தாள். எல்லோருக்கும் போகும் முகவரியைப் போட்டாள்.

கோபத்தில் எழுதியதை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகே அனுப்புவது அவள் காத்துவந்த விரதம்.

குடித்தாள்.

எழுதியதை அழித்தாள்.

அவனுக்கு மட்டும் இரண்டு வரி அனுப்பினாள். இந்த இடத்தில் சோதனை விடுபட்டிருக்கிறது. உங்கள் பெயரிலேயே இன்று சரிசெய்துவிடுங்கள், நோயாளிகள் காத்திருக்க முடியாது.

அவன் சரிசெய்துவிட்டால் அவளுடைய எட்டு வரி தேவை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். தெரிந்துதான் அனுப்பினாள்.



மூன்று மணிக்கு அவன் அவள் மேசையைக் கடந்து போனான். நிற்கவில்லை. காபி மெஷின் அருகே அவன் எதையோ சொல்ல, மறுபடி சிரிப்பு. தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உள்ளுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

நாலரைக்கு எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. கதிரேசனின் பேட்ச்.

பழுது தன்னுடைய மாற்றத்தில் வந்தது என்று அவனே எழுதியிருந்தான்.

நன்றி இல்லை. அவள் பெயர்கூட இல்லை.

கீழே இறங்கிப் படித்தாள்.

திருத்தம் ஒரே வரி. விடுபட்ட சோதனையை அவன் எழுதவில்லை. அவள் தன் எட்டு வரிக்கு வைத்திருந்த பெயரில் ஒரு ஃபங்ஷனை அழைத்திருந்தான்.

அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் கெர்னலில் இன்னும் இல்லை.