தொண்ணூற்றாறு ரிஜெக்ட்

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ரிஜெக்ட். செக்கிங் டேபிளில் கையை ஊன்றியபடி தரணீதரன் மறுபடியும் படித்தான். சிலது கழுத்துக் கோணல், சிலது அளவு பெரிது, சிலது நடுவில் தடிப்பு. தேறியது நாலே நாலு.

வேலம்பாளையத்தில் அவன் பனியன் கம்பெனி செக்கிங்குக்குப் பேர் போனது. கழுத்துப் பட்டி நூலளவு விலகினாலும் பீஸை டெய்லர் மூஞ்சியிலேயே எறிகிற முதலாளி. நூறில் நாலு கெட்டிருந்தால் லைனையே நிறுத்திவிடுவான்.

இதை யார் மூஞ்சியில் எறிவது? அவன் படித்துக்கொண்டிருந்தது லேப்காரன் செல்போனுக்கு அனுப்பிய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட். எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, வடிவம் மட்டும் நாலு சதவீதம். சரக்கு அவனுடையதே.

கல்யாணமாகி ஆறு வருஷம். குறை சித்ரகலாவிடம்தான் என்று தரணியின் அம்மா தெய்வாத்தாள் முதல் வருஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பகலெல்லாம் கம்பெனி ஆபீஸில் ஆட்களின் ஃபைலைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஊசி போட்டுக்கொள்ள ஓடியவள் சித்ரகலா. தரணியோ, டெஸ்ட் என்ற பேச்சை எடுத்ததற்கே ஒரு மாசம் அவளோடு பேசாமல் இருந்த மகராசன்.

தெய்வாத்தாள் தாராபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். பையன் ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி, பந்தத்தைத் தீர்த்துவிட்டு, அடுத்த கல்யாணம். தரணியும் அதற்கு மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஒரு டெஸ்ட் போதாது, மூன்று வாரம் கழித்து இன்னொன்று எடுங்கள் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். அங்கேதான் தரணியின் மூளை வேலை செய்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகும் சாம்பிள் பீஸை மட்டும் இருப்பதிலேயே கெட்டிக்கார டெய்லரிடம் கொடுத்துத் தைப்பது அவன் வழக்கம். ஆர்டர் கைக்கு வந்த பிறகு யார் தைத்தால் என்ன?

இந்த வேலைக்குக் கெட்டிக்காரன் யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் முனீஸ், சாத்தூர்ப் பக்கம், வரிசையாக மூன்று பிள்ளைகள். போன வருஷம் மூன்றாவது பிறந்த கையோடு ஒரு வாரம் லீவு போட்டுப் படுத்துக் கிடந்தான். பிள்ளை பெற்றவள் அவள், படுக்கை இவனுக்கா என்று கம்பெனியே சிரித்தது. லீவு லெட்டரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தரணியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

கம்பெனி இன்சூரன்ஸுக்கு எல்லா டெஸ்ட்டும் கேட்கிறார்கள் என்று சொல்லி முனீஸிடம் டப்பாவை நீட்டினான்.

"சார், எனக்கு இது எதுக்கு சார்? நாந்தான்..."

"கேள்வி கேக்காம கொண்டா" என்று தரணி வாயை அடைத்தான். ஒரு மணி நேரத்துக்குள் டப்பா லேபுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த பெயர் தரணீதரன். ரிப்போர்ட்டை நேரே டாக்டருக்கே அனுப்பிவிடுங்கள் என்று வேறு சொல்லிவிட்டு வந்தான். அவ்வளவு தைரியம்.

அடுத்த வாரம் அம்மா, மகன், மருமகள் மூவரும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வாத்தாளுக்குத் தன் காதாலேயே கேட்க வேண்டுமாம். டாக்டரம்மா முதல் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"தொண்ணூத்தாறு ரிஜெக்ட்டுங்களே டாக்டர்?" தரணிக்கு வாய் நிற்கவில்லை.

"இது பனியன் செக்கிங் இல்லீங்க. நூத்துக்கு நாலு நல்ல வடிவத்துல இருந்தாலே போதும். அதுக்குக் கொறைஞ்சாலும் அதை மட்டும் வெச்சு ஒருத்தரைத் தள்ள முடியாது." சொல்லிவிட்டுச் சித்ரகலாவைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து எடுத்த ரத்தப் பரிசோதனை பாஸிட்டிவ். மாசமா இருக்கறீங்க."

தரணிக்குத் தலைகால் புரியவில்லை. தெய்வாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்ற பையன் சிங்கமுங்க" என்று டாக்டரிடமே பெருமை பேசினாள். தாராபுரத்துப் பெண்ணை அந்த நிமிஷமே மறந்திருப்பாள்.

டாக்டரம்மா மட்டும் அடுத்த தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா, ரெண்டாவது ரிப்போர்ட்தான் புரியலீங்க. ஒண்ணுகூட இல்லைன்னு வந்திருக்கு. சுத்தமா பூஜ்யம்."

தெய்வாத்தாளின் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக மருமகள் பக்கம் திரும்பி, மகனிடம் சொன்னாள்.

"அப்ப வயித்துல இருக்கறது ஆரோடதுன்னு கேளு சாமி."

சித்ரகலா அழவில்லை, பதறவும் இல்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரணிக்கு ஏசியிலும் வியர்த்து ஊற்றியது. வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் பெண்டாட்டியோடு பிள்ளையும் போகும். ஆறு வருஷம் அவள் தலையில் ஏற்றி வைத்த பழியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவன் தலையிலேயே வந்து இறங்கியது.

"அந்த ரெண்டாவது சாம்பிள் என்னுதில்லீங்க" என்றான் கடைசியில், தரையைப் பார்த்து. "எங்க கட்டிங் மாஸ்டர் முனீசோடதுங்க."

தெய்வாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதும் அந்த மனுஷனுக்குச் செக்கிங் புத்தி போகவில்லை.

"ஆனா அவனுக்கு மூணு பிள்ளைங்க இருக்குதேங்க டாக்டர். எப்படிப் பூஜ்யம் வரும்?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் சித்ரகலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குன்னு எழுதித்தானுங்க முனீஸ் லீவு கேட்டாரு. கையெழுத்துப் போட்டதே நீங்கதானுங்க."